துரையின் காருக்கு விபூதிப் பட்டை

எனக்குச் சந்தேகம் வராத விஷயமே கிடையாது. மேற்கு மாம்பலத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பி, பாண்டி பஜாரில் இறங்கியதும், பூட்டினேனா என்று பார்க்க அடுத்த பஸ்ஸிலேயே திரும்பியவள் நான். (இடுப்பில் இரண்டு வயது மகளோடு.) அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு நாள், சந்தேகப்பட வேண்டிய இடத்தில் கோட்டை விட்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. என் கணவர் பேங்க் வேலையை விட்டுவிட்டு ஓர் இயக்குநரிடம் உதவியாளராகச் சேர்ந்திருந்தார். முதல் படம். இதுவும் போனால் திரும்பிப் போக வேறு இடமில்லை. கதை 1942இல் நடக்கிறது. வெள்ளைக்காரக் கலெக்டர் காரில் வந்திறங்கிக் கதாநாயகனைக் கைது செய்ய வேண்டும். மயிலாப்பூரில் ஒரு பழைய பங்களாவில் எல்லாம் தயார். பேசி வைத்திருந்த பழங்காலக் கார் மட்டும் அடையாறு பாலத்தில் படுத்துவிட்டது. பதற்றத்தில் இவர் எங்கள் வீட்டுக் கறுப்பு அம்பாசடரைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்.

சாப்பாடு கொடுக்கப் போன நான், காரைப் பார்த்ததும் கேரியரைக்கூடக் கீழே வைக்காமல் இவரிடம் ஓடினேன். நான் பி.ஏ. வரலாறு.

"ஏங்க, நாப்பத்திரண்டுல அம்பாசடர் ஏது? அது வர்றதுக்கு இன்னும் பதினஞ்சு வருஷம் இருக்கே?"

"நீ சும்மா இரேன். கறுப்பா இருக்கு, வளைவா இருக்கு, போதும்."

சும்மா இருக்கத் தெரிந்தால் நான் உருப்பட்டிருப்பேனே! இயக்குநரிடமே போய்ச் சொன்னேன்.

"ஏம்மா, ஜனங்க ஹீரோவப் பாப்பாங்களா, கார் பொறந்த தேதியப் பாப்பாங்களா?" என்றார் அவர். என் கணவரின் முகம் போன போக்கைப் பார்த்து, இனி அந்தக் காரைப் பற்றி வாயே திறப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

அன்று கார் கேட்டுக்குள் நுழைவதை மட்டும் எடுத்தார்கள். மறுநாள் ஆயுத பூஜை, விடுமுறை. அதற்கு அடுத்த நாள் கலெக்டர் இறங்க வேண்டும்.

படம் நல்லபடியாக முடிய வேண்டுமே என்ற கவலையில், அந்த வருஷம் பானெட்டில் மூன்று விரலால் அகலமாக விபூதிப் பட்டை இழுத்தேன். ஹெட்லைட் இரண்டுக்கும் சந்தனம், குங்குமம். மறுநாள் விடிந்ததும் அழித்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பூஜை செய்ததை அழித்து, அதனால் இவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? விட்டுவிட்டேன்.

படப்பிடிப்பில் ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. எப்படிக் கவனிப்பார்கள்? அன்று காமிராவுக்குப் பொட்டு, ஜெனரேட்டர் வண்டிக்குப் பட்டை, டீ பாய்லருக்குக்கூடக் குங்குமம். பொட்டில்லாத கார் வந்திருந்தால்தான் திரும்பிப் பார்த்திருப்பார்கள்.

இரண்டு மாதம் கழித்து, தி. நகரில் ஒரு சின்ன அரங்கில் படத்தைப் போட்டுப் பார்த்தார்கள். குடும்பத்தோடு போனோம். சோக வயலின் ஒலிக்க, மொழுமொழுவென்று கறுப்புக் கார் கேட்டுக்குள் நுழைந்தது. அடுத்த ஷாட்டில் நெற்றி நிறைய விபூதியோடு வாசலில் நின்றது. கதவைத் திறந்துகொண்டு துரை இறங்கினார்.

பின்வரிசையிலிருந்து லைட்மேன் குரல்: "இன்னா நைனா, கேட்டுக்கும் வாசலுக்கும் நடுவுல தொர கபாலி கோயில்ல பூஜ போட்டுக்கினு வந்துட்டாரா?"

அரங்கமே சிரித்தது. விளக்கைப் போடச் சொன்னார் இயக்குநர்.

"எவன்டா பட்ட போட்டவன்?"

என் கணவர் எழுந்தார். "நான்தான் சார்."

என் பழியை அவர் சுமப்பது எனக்குப் பொறுக்கவில்லை. மகளை இடுப்பில் வைத்தபடியே நானும் எழுந்தேன். "இல்ல சார், நான்தான். அவருக்கு எதுவும் தெரியாது. வேலைய விட்டு மட்டும் அனுப்பிடாதீங்க சார்."

இயக்குநர் என்னை உற்றுப் பார்த்தார். "கார் பொறந்த தேதி சொன்னது நீங்கதானே?"

"ஆமா சார்."

எடிட்டரிடம் திரும்பி, "கார் வர்ற ரெண்டு ஷாட்டையும் தூக்கிடு. தொர படியேறுறதுலேர்ந்து ஆரம்பி" என்றார். பிறகு என் கணவரிடம் சொன்னார்: "அடுத்த படத்துக்கு ஷூட்டிங் முன்னாடியே வீட்டம்மாவக் கூட்டிட்டு வாய்யா. எல்லாத்தையும் ஒரு தடவ சந்தேகப்பட்டுட்டுப் போகட்டும்."

ஆக, 1942இல் அம்பாசடர் ஓடாமல் வரலாறு தப்பித்தது. காப்பாற்றியது என் பி.ஏ. இல்லை, விபூதி.

நிஜமாகவே அடுத்த படத்துக்குக் கூப்பிட்டார்கள். அதற்கடுத்ததற்கும். எனக்குச் சம்பளம் வாங்கிக்கொடுத்த ஒரே குணம் இந்தச் சந்தேகம்தான். இப்போது என் மகளுக்குச் சொந்த ஸ்கூட்டர் இருக்கிறது. ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் குங்குமத்தில் விரலைத் தொட்டுக்கொண்டு, அப்பாவைத் திரும்பிப் பார்த்துத்தான் கேட்பாள்:

"வைக்கலாமாப்பா? நாளைக்கு இதுல எந்தத் தொரையும் வரலையே?"