‘எங்களிட்டையும் இருக்கு’ சிவபாதத்தார்

மனிதரில் ஓர் இனம் உண்டு. எதைக் காட்டினாலும், பார்த்து முடிக்கும் முன்பே, “உது எங்களிட்டையும் இருக்கு” என்பார்கள். உங்களுக்குக் காய்ச்சல் என்று சொல்லிப் பாருங்கள்; அது அவர்களுக்குப் போன மாதமே வந்து போயிருக்கும்.

கனடாவில், யூனியன்வில் என்ற ஊரில் இருக்கும் சிவபாதத்தார் இந்த இனத்தில் முதல்தரம். பக்கத்து வீட்டு மோறிஸ் ஒரு யூதர். இந்த வசந்தத்தில்தான் மனைவி ஷெல்லியைப் பறிகொடுத்தவர். யோம் கிப்பூர் அன்று, அதாவது யூதர்கள் பட்டினி கிடந்து கடவுளிடம் மன்னிப்புக் கேட்கும் நாளன்று, தன்னோடு ஜெபாலயத்துக்கு வர முடியுமா என்று அவர் சிவபாதத்தாரைக் கேட்டார். அங்கே தானும் ஷெல்லியும் வழக்கமாக அமரும் இரண்டு கதிரைகளில் ஒன்று வெறுமையாகக் கிடப்பதைப் பார்க்க அவரால் முடியாதாம்.

புறப்படும்போது மனைவி ஜெயமலர் சொன்னார்: “அந்த மனுசன் துக்கத்தில இருக்கு. அங்க போய் வாயைத் திறவாமல் இருங்கோ.”

“ஓம், ஓம்” என்றார் சிவபாதத்தார். ஓம் சொல்வதில் அவருக்கு என்ன செலவு?

வாசலிலேயே தொடங்கிவிட்டது. தலையை மூடச் சின்னத் தொப்பி கொடுத்தார்கள். நாங்கள் கோயிலில் சட்டையையே கழற்றுவோம் என்றார். அன்று தோல் சப்பாத்து கூடாதென்று, சூட் அணிந்த பெரிய மனிதர்களெல்லாம் துணிச் சப்பாத்தோடு நின்றார்கள். நாங்கள் வெறுங்காலோடு போவோம் என்றார். ஒவ்வொரு பாவமாகச் சொல்லி எல்லோரும் நெஞ்சில் மெதுவாகக் குத்திக்கொண்டபோது, பிள்ளையார் முன் தலையில் குட்டிக்கொள்ளும் முறையை மோறிஸின் காதுக்குள் விளக்கி, தன் நெற்றியிலேயே செய்தும் காட்டினார். வெள்ளிக் கிரீடம் சூட்டிய வேதச் சுருளைக் கூடத்தைச் சுற்றி எடுத்து வந்தார்கள். சொல்ல வேண்டுமா? எங்கள் தேர் இதைவிட உயரம்.

பிறகு, இறந்தவர்களை நினைக்கும் வழிபாடு வந்தது. கூடம் அடங்கியது. ஷெல்லியின் பெயரை மோறிஸ் வாய்க்குள் முணுமுணுத்தார். சிவபாதத்தார் அவர் பக்கம் சாய்ந்து, ஆடி அமாவாசை என்று எங்களிடமும் ஒரு நாள் உண்டு என ஆரம்பித்தார். முன்வரிசைப் பெண் திரும்பி உதட்டில் விரலை வைத்தார். அப்போதுதான் சிவபாதத்தார் மோறிஸின் முகத்தைப் பார்த்தார். கன்னம் நனைந்திருந்தது. ஜெயமலர் சொன்னது உறைக்க, வெட்கம் பிடுங்கித் தின்ன, மனிதர் வாயை இறுக மூடிக்கொண்டார்.

வழிபாடு முடிந்தும் அவர் பேசவில்லை. மோறிஸ்தான் திரும்பினார்.

“ஏன் நிறுத்திவிட்டீர்கள்? ஷெல்லி இந்தக் கதிரையில் இருந்து ஒரு நிமிடம் பேசாமல் இருந்ததில்லை. அமைதியாக இருப்பவரை நான் ஏன் கூட்டிவரப் போகிறேன்?”

சிவபாதத்தாரிடம் இதற்கு ஒப்பாக ஒன்றும் இருக்கவில்லை. தேடிப் பார்த்தார்; கிடைக்கவில்லை. கடைசியில், வாழ்க்கையிலேயே முதல் தடவையாக இருக்க வேண்டும், அடுத்தவரைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார்: “ஷெல்லி என்ன பேசுவார்?”

மோறிஸ் சொன்னார். யாருடைய தொப்பி யாருக்குப் பொருந்தவில்லை, பாடகர் எந்த இடத்தில் சுருதி தப்புவார், பட்டினி முடிந்ததும் விருந்தில் யார் வீட்டு மீன் முதலில் தீரும். சொல்லச் சொல்லச் சிரித்தார், சிவபாதத்தாரும் சிரித்தார். முன்வரிசைப் பெண் மறுபடி திரும்பினார். இந்த முறை விரலைத் தூக்கவில்லை.

அதோடு சிவபாதத்தார் திருந்திவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அடுத்த நாள் பக்கத்து ஊரான அஜக்ஸிலிருந்து நண்பர் ஒருவர் தொலைபேசியில் தன் முழங்கால் வலியைச் சொல்லத் தொடங்கினார். பாதியில் சிவபாதத்தார் தன் முழங்காலுக்கு வந்து சேர்ந்தார்.

வாசகரே, இதைப் படித்ததும், ‘இப்படி ஒருத்தரை எனக்கும் தெரியும்’ என்று யாரிடமாவது சொல்ல நாக்குத் துடிக்கிறதா? கவனம். வியாதி அப்படித்தான் ஆரம்பிக்கும்.