பினாயில் மணக்கும் முதலீடு

அரசாங்கத் திட்டம் ஒன்று வீட்டுக்கு வருவதாக இருந்தால், அந்த வீடு கொஞ்சம் அழுக்காக இருப்பது நல்லது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். (இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது பினாயில் டப்பாவைத் திறந்தால், மற்றவர்கள் ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள்.)

எண்பதுகளின் தொடக்கம். நாமகிரிப்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் நான் கணக்கு வாத்தியார். எண்ணுவது என் வியாதி. பேருந்தில் ஏறினால் தலைகளை எண்ணுவேன். பந்தியில் உட்கார்ந்தால் அப்பளங்களை எண்ணுவேன். வீட்டில் என் மனைவி பாவாயியின் இருமலை எண்ணிக்கொண்டிருந்தேன். பருத்திமார், சோளத்தட்டு, நனைந்த வேலங்கட்டை என்று எது கிடைக்கிறதோ அதை எரிக்கிற அடுப்பு. சோறு வேகுவதற்குள் நாற்பது இருமலுக்குக் குறையாது. மழைக்காலத்தில் எண்ணுவதை விட்டுவிடுவேன். இடைவெளி இருந்தால்தானே எண்ண முடியும்.

அந்தச் சமயத்தில்தான் வெளிநாட்டு எண்ணெய் விலை ஏறி, நாட்டைச் சாணம்தான் காப்பாற்ற வேண்டும் என்று டெல்லியில் முடிவு செய்தார்கள். சாண எரிவாயுக் கலன் கட்டுகிறவர்களுக்கு மானியம், மீதிக்கு வங்கிக் கடன். ஒன்றிய அலுவலகத்தில் நடந்த கூட்டத்தில் ஓர் அதிகாரி, "இது செலவு இல்லீங்க, முதலீடு" என்றார். அந்த ஒரு சொல்லில் நான் விழுந்தேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார்.

"ஏன்டா, மாட்டுக்குப் பொறத்தால பேங்க்காரன் வந்து நிக்கப் போறானா?"

"ஆமாங்கப்பா."

"நல்ல கூத்து. சரி, அந்தப் புள்ள இருமறது எனக்கும்தான் கேக்குது. கட்டித் தொலை."

கிணறு மாதிரி ஒரு குழி. அதில் சாணியைத் தண்ணீரில் கரைத்து ஊற்ற வேண்டும். மேலே ஓர் இரும்பு டிரம்மைக் கவிழ்த்திருப்பார்கள். உள்ளே வாயு சேரச் சேர டிரம் எழும்பும். முதல் நிரப்புக்கு மட்டும் வண்டி வண்டியாகச் சாணி வேண்டும். எங்களிடம் இருந்தவை ஐந்து மாடுகள். மீதியை அக்கம்பக்கத்து விவசாயிகளிடம் கேட்டு வாங்கினோம். பக்கத்துக் காட்டுச் செங்கோடண்ணன் மட்டும் மூன்று வண்டி கொடுத்தார். "உனக்கு நல்லா எரிஞ்சா நானும் ஒண்ணு போடறேன் சாமி" என்றார். ஊரே அப்படித்தான் காத்திருந்தது.

சில வாரங்களில் டிரம் எழும்பியது. பாவாயி தீக்குச்சியைக் காட்டினாள். நீலமாக எரிந்தது. அவள் அடுப்புக்கு முன்னால் சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏனுங்க, கண்ணுல தண்ணியே வரலீங்க" என்றாள். சொல்லும்போது வந்துவிட்டது.

இத்தோடு நான் சும்மா இருந்திருக்க வேண்டும். ஆனால், இந்த வட்டாரத்துக்கே மாதிரிக் கலன் என்று சொல்லி, எங்கள் வீட்டில் பெரிய அதிகாரியை வைத்துத் திறப்பு விழா நடத்தப் போவதாகத் தகவல் வந்தது. எனக்குத் தூக்கம் போயிற்று. அதிகாரி மாட்டுக் கொட்டகையில் கால் வைப்பார். ஈ மொய்த்தால்? நாற்றம் அடித்தால்? நாமக்கல்லுக்குப் போய்ப் பெரிய டப்பாவாகப் பினாயில் வாங்கி வந்தேன். தினமும் காலையில் பள்ளிக்குப் போகும்முன் கொட்டகையில் தாராளமாக ஊற்றிக் கழுவினேன். (மாடுகள் தும்மின. அதையும் எண்ணினேன்.) விழாவுக்கு வாயு சேர வேண்டுமே என்று, அதுவரை விறகடுப்பிலேயே சமைக்கும்படி பாவாயியிடம் சொல்லிவிட்டேன். அவள் பழைய அடுப்புக்குப் போனாள். இருமல் திரும்பி வந்தது.

"டிரம்மு எறங்கறாப்பல இருக்குதுங்க" என்றாள் ஒருநாள்.

"வெயிலுக்கு அப்படித்தான் தெரியும்" என்றேன். கணக்கு வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை.

விழா நாள். நாற்பத்திரண்டு நாற்காலிகள் வாடகைக்கு எடுத்திருந்தேன். புது அடுப்பில் பால் பொங்க வைப்பது வழக்கமாயிற்றே என்று, மஞ்சள் கட்டிய பானையில் பால் ஊற்றி வைத்திருந்தோம். அதிகாரி குழாயைத் திருகிக் குச்சி கிழித்தார். ஒன்றுமில்லை. இன்னொன்று. பதினோராவது குச்சி அவர் விரலைச் சுட்டது.

அவர் மூக்கை உறிஞ்சினார். "என்னங்க இது, ஆஸ்பத்திரி வாசனை அடிக்குது?"

நான் பெருமையோடு முன்னால் வந்தேன். "தினமும் பினாயில் போட்டுத்தானுங்க கொட்டகையைக் கழுவறோம்."

"கழுவுன தண்ணி எங்க போகுது?"

"நேரா குழிக்குத்தானுங்க. சாக்கடையை அப்படித்தான் கட்டியிருக்கேன். ஒரு சொட்டு வீணாகாது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வாத்தியாரே, அந்தச் சாணியில கண்ணுக்குத் தெரியாத உசுரு கோடிக் கணக்குல இருக்குது. அதுங்கதான் கேஸ் உண்டாக்கும். எல்லாத்தையும் கொன்னுட்டீங்களே."

கூட்டத்தில் செங்கோடண்ணன் எழுந்தார். "மூணு வண்டி குடுத்தேனே சாமி. சாணியக்கூடச் சாகடிக்கலாம்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்."

நாற்பத்திரண்டு நாற்காலிகளும் சிரித்தன.

பாவாயி பால் பானையை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்ப் பருத்திமாரைப் பற்ற வைத்தாள். விருந்தாளிகளுக்குக் காப்பி வேண்டுமே. வந்த காரியத்துக்காக அதிகாரி சொற்பொழிவு ஆற்றினார். "இனிமேல் இந்த நாட்டுச் சமையலறைகளில் புகை இருக்காது" என்று அவர் சொன்னபோது, எங்கள் வீட்டுப் புகை மேடைக்கு வந்து அவரையும் இரும வைத்தது.

குழியைக் காலி செய்து மறுபடி நிரப்பினால் போதும் என்றார்கள். வண்டியைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். வெள்ளிக்கிழமை கேட்டால், இன்றைக்குச் சாணி வெளியே போனால் லட்சுமி போய்விடும் என்றார்கள். செவ்வாயும் ஆகாது. மற்ற நாட்களில் அமாவாசை, கார்த்திகை என்று ஏதாவது ஒன்று வந்தது. வெறும் வண்டியோடு திரும்பினேன். அடுத்த கோடையில் கிணறு வற்றியது. தீவனம் இல்லாமல் மாடுகளைச் சந்தைக்கு ஓட்டினோம். வங்கித் தவணை மட்டும் வற்றவில்லை. குழியில் மண் தள்ளிவிட்டு, டிரம்மை நிமிர்த்தி வைத்தோம். மழைத் தண்ணீர் பிடிக்க உதவியது.

பாவாயி பழைய விறகடுப்பில்தான் பிறகும் பல வருடம் சமைத்தாள். சிலிண்டர் வந்தபோது நெஞ்சு கெட்டிருந்தது. சேலத்தில் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் தயங்கிக் கேட்டார், "அம்மாவுக்குப் புகை பிடிக்கிற பழக்கம் ஏதாவது..."

"எனக்கு இல்லீங்க. எங்கூட்டு அடுப்புக்குத்தான் உண்டு" என்றாள் அவள். பிறகு என்னைக் காட்டி, "இவர் அதுக்கு ஒரு முதலீடு பண்ணுனாருங்க" என்று முழுக் கதையையும் மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். டாக்டர் சிரித்தார். அவளும் சிரித்தாள், இருமல் வரும்வரை. நான் எண்ணவில்லை.

போன மாதம் பையன் மொட்டைமாடியில் சூரிய மின்தகடு போட்டான். அதற்கும் மானியம் இருக்கிறதாம். தகட்டில் தூசி படியாமல் கழுவ வேண்டும் என்று மாட்ட வந்தவர் சொன்னார். நான் துடைப்பத்தோடு வாளியைத் தூக்கினேன்.

"மாமா, வாளியில வெறும் தண்ணிதானுங்களே?" என்றாள் மருமகள்.

வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். பழக்க தோஷம், சிரித்தவர்களை எண்ணிப் பார்த்தேன். எப்படி எண்ணினாலும் ஓர் ஆள் குறைகிறது.