மிச்சமிருக்கும் வலது காது

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அக்கா புருஷன் எழுதுவது. நீயும் வீட்டாரும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் அதற்கு இடம் இருக்காது. இதைத் தனியாக உட்கார்ந்து படி, படித்ததும் கிழித்துப் போடு. எக்காரணம் கொண்டும் எனக்குப் போன் செய்யாதே. "கையில போனை வெச்சுக்கிட்டு இந்தாளு எதுக்குத் தபால் போடறாரு"ன்னு நீ கேட்பாய். காரணம் வருகிறது.

இன்னும் பதினெட்டு நாளில் நம்ம இங்கிலீஷ் பாட்டுக் கோஷ்டி நாலு பேர் மேடை ஏறுகிறார்கள். நாலு பேர் என்று பழக்கதோஷத்தில் எழுதிவிட்டேன். டிரம்ஸ்காரர்தான் போய்ச் சேர்ந்துவிட்டாரே, மிச்சம் மூணு பேருக்கும் எழுபது தாண்டிவிட்டது, இதுதான் கடைசிச் சுற்று என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். நீ கொடுத்த அந்த முதல் கேசட்டிலிருந்து கணக்கு வைத்தால் முப்பத்து நாலு வருஷம் காத்திருக்கிறோம். அவர்கள் பாடுவதில் பாதி எனக்குப் புரியாது, புரிந்த பாதியும் ஒன்றும் உருப்படியான சங்கதி இல்லை. இருந்தாலும் அந்த கிட்டார் ஆரம்பித்தால் எனக்கு முதுகுத்தண்டில் கரண்ட் ஏறும். கேசட்டைத் திருப்பித் தருகிற சாக்கில்தானே உங்கள் வீட்டுப் படியேறினேன், உன் அக்காவைப் பார்த்தேன். ஆக, நல்லதுக்கும் கெட்டதுக்கும் அவர்கள்தான் பொறுப்பு.

இப்போது வில்லங்கத்துக்கு வருகிறேன். நம்ம பழைய மோட்டார் கடையில் காலையில் ஷட்டரைத் தூக்கியதும் அவர்களைப் போட்டுவிட்டுத்தான் மோட்டாரில் கை வைப்பேன், உனக்கே தெரியும். போன மாதம் ஒரு நாள் எங்கள் மெக்கானிக் ஸ்பீக்கரின் பின்னாலிருந்து ஒரு ஒயரைத் தூக்கிக் காட்டி, "அண்ணே, எலி கடிச்சிருக்கு. பதினோரு நாளா இது பாடவே இல்லை"ன்னான். நான் அப்போது காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன். மூணாவது பாட்டு, நடுவில் வருகிற தனி கிட்டார். ஒரு அடிகூடப் பிசகாமல் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது மச்சான்! அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கே, பழுதான மோட்டாரை நான் பார்க்கிற அதே பார்வை. ஒயரை ஒட்டவைத்தான். அப்பவும் எனக்கு ஒன்றும் பெரிசாக வித்தியாசம் தெரியவில்லை. மத்தியானம் அவன் சாப்பிடப் போன நேரம் பார்த்து, பேரிங் சரியா இருக்கான்னு பார்க்கிற மாதிரி ஸ்க்ரூடிரைவர் முனையை ஸ்பீக்கர் பெட்டியில் வைத்து, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்தினேன். எல்லாரும் வந்துவிட்டார்கள். செத்துப்போன டிரம்ஸ்காரர் முதற்கொண்டு. அதற்கப்புறம் கொஞ்ச நேரம் எந்த மோட்டாரையும் பார்க்க முடியவில்லை, கண் சரியாகத் தெரியவில்லை.

விஷயம் உன் அக்கா வரைக்கும் போய்விட்டது. எப்படிப் போனதோ! "காது டாக்டர் சரின்னு சொன்னா கச்சேரிக்குப் போங்க, இல்லைன்னா டிக்கெட்டைக் கிழிச்சிடுவேன்"னு சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிற குடும்பம் உங்களுது. நானும் போனேன். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்குங்கன்னாங்க. வெளியே மிஷின் முன்னால் ஒரு பொண்ணு. எதிராளி விலை சொல்லும் முன்னே அவன் முகம் சொல்லிவிடும் என்பது என் முப்பது வருஷத் தொழில் பாடம். அவள் மிஷினைத் திருகும்போதெல்லாம் புருவம் ஒரு நூல் ஏறியது. ஏற ஏற அமுக்கினேன். முடிந்து வெளியே வந்தால் டாக்டர் கை கட்டி நிற்கிறார்.

"கடைசியா ஏழு தடவை அமுக்கினீங்களே, என்ன கேட்டுச்சு?"

"கூ...ன்னு சன்னமா ஒண்ணு."

"அப்போ மிஷினை நிறுத்தியாச்சு. அந்தப் பொண்ணு கண்ணுல தூசி."

திரும்பவும் முதலிலிருந்து. இந்தத் தடவை அவளுக்கு முதுகு காட்டி உட்கார வைத்துவிட்டார்கள். முடிவு இதுதான்: இடது காது தீர்ந்தது, வலதில் பாதி. கச்சேரி ஸ்பீக்கர் முன்னால் மூணு மணி நேரம் நின்றால் அந்தப் பாதிக்குத் தான் பொறுப்பில்லை என்றார்.

"ஒன்றரை மணி நேரம்னா?"

"ஐயா..."

"சரி, கடைசி வரிசை. தீர்ந்துபோன காதை அந்தப் பக்கம் திருப்பி வெச்சுக்கறேன்."

"இது என்ன சந்தையா?"

"எல்லா இடமும் சந்தைதான் டாக்டர். நீங்க ஒரு முடிவு சொல்லுங்க."

"போகக் கூடாது. அதான் முடிவு."

வீட்டுக்கு வந்து உன் அக்காவிடம், "தாராளமாப் போகலாம்னுட்டார்"னேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளிடம் சொன்ன முதல் பெரிய பொய். அவள், "அப்படியா"ன்னாள். அவ்வளவுதான். ஊரார் முகமெல்லாம் படிக்கிற எனக்கு அந்த முகத்தை மட்டும் படிக்க வரவில்லை. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

நீ கேட்கலாம், எதுக்கு இந்த வீம்பு, இருக்கிறதையாவது காப்பாத்திக்கலாமேன்னு. மச்சான், விற்காமல் மூடி வைத்த மோட்டார் துருதான் பிடிக்கும். மிச்சமிருக்கிற பாதிக் காதை நான் எதுக்குப் பத்திரப்படுத்தணும்? யாருக்காக? அதனால் நீ செய்ய வேண்டியது இரண்டு. என் வலது பக்கம் நில். ஒவ்வொரு பாட்டும் ஆரம்பிக்கும்போது தோளில் நாலு தாளம் தட்டு. மிச்சத்தை நான் பார்த்துக்கொள்வேன், எனக்குத்தான் ஒயர் இல்லாமலே பாடுமே. போன் வேண்டாம் என்றதற்குக் காரணம் இப்போது புரிந்திருக்கும். நீ பேசினால் எனக்குக் கேட்காது, நான் பதிலுக்குக் கத்தினால் உன் அக்காவுக்குக் கேட்கும்.

உன் பிள்ளைகளுக்கு என் ஆசி. எல்லாருடைய காதும் நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அன்பு மாமா

பின்குறிப்பு: டேய் தம்பி, அக்கா எழுதறேன். உங்க மாமா கவர் தேடிக்கிட்டுக் கடைக்குள்ள போயிருக்கார். கவர் என் கையில இருக்கு. டாக்டரைப் பத்தி எழுத ஆரம்பிச்சதிலிருந்து அவருக்கு இடது பக்கம் நின்னு படிச்சுக்கிட்டிருந்தேன். மூணு தடவை கூப்பிட்டும் பார்த்தேன். திரும்பலை.

எலியும் கடிக்கலை, ஒண்ணும் கடிக்கலை. ஒயரைக் கத்தரிச்சது நான்தான். ரொம்ப நாளா சந்தேகம், கேட்டா ஒத்துக்க மாட்டார். எலின்னு மெக்கானிக்கைச் சொல்லச் சொன்னதும் நான்தான். பதினோரு நாளும் ஏதாவது சாக்கு வெச்சுக் கடைக்கு வந்து பார்த்தேன்டா. ஒரு நாளாவது "பாடலையே"ன்னு சொல்ல மாட்டாரான்னு. சந்தோஷமாத் தாளம் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தார்.

டாக்டர் அன்னிக்கே எனக்குப் போன் பண்ணிட்டார். உங்க மாமாவுக்கு வியாபாரம் தெரியும், கேக்கத் தெரியாது. நான் கேட்டேன். கடைசி வரிசை, காதுக்கு அடைப்பான், ஒரு மணி நேரம்னு டாக்டர் ஒத்துக்கிட்டார். அதனால இன்னொரு டிக்கெட் எடு. வலது பக்கம் நீ நிக்காதே, அது என் இடம். எனக்கும் எல்லாப் பாட்டும் மனப்பாடம், தட்ட வேண்டியதை நானே தட்டிக்கறேன். யாருக்காகப் பத்திரப்படுத்தணும்னு கேட்டு எழுதியிருக்காரே, அந்தப் பாதிக் காதுலதான்டா நான் குடியிருக்கேன்.

அவர்கிட்ட எதுவும் சொல்லிடாதே. பொய் சொன்னதுக்கு இன்னும் பதினெட்டு நாள் சோறு இறங்காம இருக்கட்டும்.