ஒன்பது அங்குல மிருகம்

அன்புள்ள மருமகனுக்கு, படங்களுக்குச் சட்டம் போட்டுப் பிழைக்கும் உன் மாமா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் நலம். நீ நலமா என்பதில்தான், நீ அனுப்பிய கட்டுரையைப் படித்த பிறகு எனக்குச் சந்தேகம்.

பாறையில் சங்கிலியால் கட்டிப்போட்ட அந்தக் கிரேக்க இளவரசியின் படத்தை ஐந்து பக்கத்துக்கு அலசியிருக்கிறாய். அவளைத் தின்ன வரும் கடல் மிருகத்தை ஓவியர் வேண்டுமென்றே வரையவில்லையாம். மிருகம் நம் மனசுக்குள் இருக்கிறதாம். அவளைக் காப்பாற்றப் பறந்து வரும் வீரன் வெறும் தண்ணீரைப் பார்த்து வாளை ஓங்குவது மனித குலத்தின் வெறுமையாம். அடேயப்பா, என் அக்கா உன்னைப் படிக்கவைக்கப் பட்ட பாடெல்லாம் இதற்குத்தானா?

மிருகம் இருந்ததடா. படத்தின் அடியில், கொழுத்த கெளுத்தி மீன் மாதிரி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் கண்காட்சிக்கூடத்துக்காரர்கள் நாற்பது படத்தோடு இதையும் என் கடையில் இறக்கினார்கள். இந்த அளவுக்கு மட்டும் என்னிடம் மரம் இல்லை, யாரோ வாங்காமல் விட்டுப்போன சட்டம் ஒன்று சும்மா கிடந்தது, வைத்துப் பார்த்தால் ஒன்பது அங்குலம் இடிக்கிறது, மேலே வெட்டினால் வீரனுக்குத் தலை போகும், பக்கத்தில் வெட்டினால் அவளுக்குக் கை போகும், மிருகத்துக்காக யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்று கத்தியை எடுத்து ஒரே இழுப்பு. கொண்டுபோனவங்களும் சட்டம் அருமைன்னு சொல்லிட்டுத்தான் போனாங்க. அந்தத் துண்டுதான் நம்ம பின்னறை ஜன்னல்ல, உடைஞ்ச கண்ணாடிக்குப் பதிலா நிக்குது. போன லீவுல நீ அதுக்குக் கீழ உக்காந்துதான் இந்தக் கட்டுரையை எழுதினே. ஒரு தரம் தலையை நிமிர்த்திப் பார்த்திருந்தா ஐஞ்சு பக்கம் மிச்சமாகியிருக்கும்.

வெள்ளிக்கிழமை இதை அந்தக் கண்காட்சிக்கூடத்து மேடையில் படித்தால் அங்கேயே உனக்கு வேலை உறுதி என்று அக்கா சொன்னாள். நான் முன்வரிசையில் இருப்பேன். நீ ‘வெறுமை’ என்று வாயைத் திறந்ததும் எழுந்து உண்மையைச் சொல்லிவிடுவேன். அதற்குள் நீயே அந்தக் கட்டுரையைக் கிழித்துப் போட்டுவிடு.

உடம்பைப் பார்த்துக்கொள். அக்காவுக்கு என் அன்பு. உன் அறிவுக்கு என் ஆழ்ந்த அனுதாபம்.

இப்படிக்கு,
உன் மாமா

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் கூடத்து மேலாளர் போன் செய்தார். படத்தின் பழைய போட்டோ ஒன்று கிடைத்ததாம், அதில் அடியில் ஏதோ இருக்கிறதாம், வெட்டியது யார் என்று போலீஸில் புகார் கொடுக்கப்போகிறார்களாம். “அது போட்டோல கறையா இருக்கும் சார். அங்க மிருகமே கிடையாது. எங்க மருமகன் விளக்கமா எழுதியிருக்கான், வெள்ளிக்கிழமை வந்து கேளுங்க” என்று சொல்லிவிட்டேன். ஜன்னலில் இருந்ததை அத்தை கழற்றிப் பரணில் போட்டுவிட்டாள். மறுபடி எழுதக் கை வரவில்லை, இதை அப்படியே அனுப்புகிறேன், படித்ததும் கிழித்துவிடு. கட்டுரையைக் கிழிக்காதே. முடிந்தால் அந்த வெறுமையைப் பற்றி இன்னும் இரண்டு பக்கம் சேர்த்து எழுது.