மெத்தை சாரின் ஹெட்ஃபோன்

நீலகிரி மலை ஏறி வந்த மனிதர்களிலேயே தன் காதுகளை இவ்வளவு மரியாதையாக நடத்தியவர் எங்கள் மெத்தை சார் ஒருவர்தான். தான் படுப்பது பிய்ந்த பாயாக இருந்தாலும் காதுக்கு மட்டும் வெல்வெட்டு, ஆட்டுத்தோல் என்று விதவிதமாக மெத்தை வாங்கிப் போடுவார்.

ஊட்டியில் நான் குப்பை கொட்டும் அதே அலுவலகத்துக்குப் பொள்ளாச்சியிலிருந்து மாற்றலாகி வந்தவர். தனி ஆள். ஒரே சொத்து, பழைய ஜப்பான் ஹெட்ஃபோன் ஒன்று. எங்கள் சூப்பரின்டெண்டை விட அதற்குச் சர்வீஸ் அதிகம். காதைச் சுற்றி உட்காரும் அதன் மெத்தைகள் இங்கே வந்த மழைக்காலத்திலேயே மக்கி, கருப்புக் கருப்பாக உதிர்ந்து அவர் கன்னத்தில் ஒட்டிக்கொண்டன. சூப்பரின்டெண்ட் அதைத் தோல் வியாதி என்றே முடிவு கட்டிவிட்டார். "ஏனுங்க, லீவு போட்டுட்டு டாக்டரைப் பாருங்க" என்று சொல்லிவிட்டுத் தன் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

டாக்டரிடம் போகாமல் மெத்தை சார் புது மெத்தை வரவழைத்தார். அங்கேதான் சனி பிடித்தது.

"மெத்தையை மாத்துனதும் சத்தமே மாறிப்போச்சுங்க. நீங்க வந்து கேட்டுச் சொல்லோணும்."

என்னை ஏன் கூப்பிட்டார்? நான் பத்திரிகையில் எழுதுகிறவன். எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று இன்னும் நம்புகிற ஒரே ஆள் அவர். என் காதின் லட்சணம் என் மனைவிக்குத் தெரியும். அடுப்பில் குக்கர் விசில் அடித்தால் மலை ரயில் போகிறது என்று ஜன்னலைத் திறக்கிறவன் நான். ஆனாலும் ஒரு மனிதர் நம்மை நிபுணர் என்று கூப்பிடும்போது எப்படி மறுப்பது? என் வீடு இருக்கும் கேத்தியிலிருந்து பஸ் ஏறி ஞாயிறுதோறும் அவர் வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன்.

வைப்பது எப்போதும் ஒரே தவில் பதிவு. கேட்பதற்கு முன்னால் ஒரு பாடம் உண்டு. "மெத்தை தடியா இருந்தா காது தள்ளிப் போயிருமுங்க, சத்தம் எட்டக்க கேக்கும். மெலிசா இருந்தா கிட்ட வந்து கத்தும். வெல்வெட்டுல காத்துப் போகும், பாஸ், அதானுங்க அந்தக் கனமான அடிச்சத்தம், நிக்காது. தோல்னா நல்லாப் பிடிச்சு மூடும். முடி அளவுக்குச் சந்து கிடைச்சாப் போதுமுங்க, பாஸ் ஓடியே போயிரும்!"

அப்புறம் குரங்குக் குல்லாவைக் கழுத்துவரை நன்றாக இழுத்துவிட்டுக்கொண்டு, அதன்மேல் ஹெட்ஃபோனை மாட்டிக் கண்ணை மூடிக் கேட்பார். ஊட்டிக் குளிர்காற்று ஒரு தடவை காதுக்குள் புகுந்தால் ஆள் காலி என்பது அவர் நம்பிக்கை. குல்லா இல்லாமல் அவரை ஊட்டியில் பார்த்தவர்கள் இல்லை. பிறகு என் குல்லாவின்மேல் மாட்டிவிடுவார்.

"பாஸ் எப்படீங்க?"

"பரவாயில்லீங்க."

"போன வாரத்துக்கு?"

"அதைவிடக் கொஞ்சம் பரவாயில்லீங்க."

இப்படியே மழை போய்ப் பனி வந்தது. மெத்தைகள் அலமாரியில் வடைகள் மாதிரி அடுக்கடுக்காகக் குவிந்தன. ஒன்றிலும் அவருக்குத் திருப்தியில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"மெத்தை இல்லீங்க. எனக்குக் காதுதான் போயிருச்சு. பொள்ளாச்சியில கேட்ட தவில் இங்க கேக்கவே மாட்டேங்குது. கேட்டுட்டிருக்கறதுக்கு இது ஒண்ணுதானுங்க எனக்கு இருந்துச்சு. அடுத்த வாரம் வந்து நீங்களே எடுத்துட்டுப் போயிருங்க."

நிபுணர் ஆறுதல் சொல்ல வேண்டாமா? "வயசானா அப்படித்தானுங்க" என்றேன். அவர் முகம் இன்னும் சுருங்கிவிட்டது. இதற்கு நான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம்.

அடுத்த ஞாயிறு பஸ் ஜன்னலோரம் தூங்கி, இறங்கும் அவசரத்தில் குல்லாவைச் சீட்டிலேயே விட்டுவிட்டேன். காது இரண்டும் விறைத்துப்போய் அவர் வீட்டில் நுழைந்தேன். கடைசியாக ஒரு தடவை கேட்கச் சொல்லி மாட்டிவிட்டார். அவ்வளவுதான், நாற்காலியோடு துள்ளினேன்.

"ஐயோ! என்னங்க இது, நெஞ்சுக்குள்ள இடிக்குது!"

"மெத்தைய மாத்தலீங்களே! போன வாரம் போட்டதேதானுங்க!" என்றவர் என் தலையையே உற்றுப் பார்த்தார். "உங்க குல்லா எங்கீங்க?"

இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. முடி அளவுச் சந்து பற்றி மாதக்கணக்கில் பாடம் நடத்தியவரும், அதைத் தலையாட்டிக் கேட்டவனும், காதுக்கும் மெத்தைக்கும் நடுவே ஒரு முழுக் கம்பளியை வைத்திருக்கிறோம்!

குல்லாவைக் கழற்ற அவர் பயந்தார். ஜன்னலைச் சாத்தினார். கதவிடுக்கில் துண்டைச் செருகினார். மெல்லக் கழற்றி ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார். தவில் ஆரம்பித்தது. அவர் வாய் திறந்தபடியே இருந்தது, கண் நிறைந்துவிட்டது.

"காது இருக்குதுங்க" என்றார். "எனக்குக் காது இருக்குதுங்க!"

மூக்கை உறிஞ்சிக்கொண்டு அலமாரியைத் திறந்தார். "அப்போ இத்தனை நாள் சொன்னது ஒண்ணும் செல்லாதுங்க. எல்லாத்தையும் முதல்ல இருந்து கேக்கோணும்."

கேட்டுக்கொண்டிருக்கிறோம். வெல்வெட்டுக்கும் தோலுக்கும் வித்தியாசம் அவருக்கு இப்போது துல்லியமாகத் தெரிகிறது. எனக்கு அன்று ஒருநாள் கேட்டதோடு சரி. இருந்தாலும் ஒரு ஞாயிறு தவறாமல் போகிறேன். தவில் தொடங்கும்போது அந்த மனிதர் முகத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது.