மேட்டுத் தெருவின் கற்பனைத் தண்ணீர்

குழாய் வழியாகத் தண்ணீர் அனுப்பியவர்கள் உலகில் ஆயிரம் பேர். கணக்கின் வழியாகவே அனுப்பி, போய்ச் சேர்ந்ததென்று நிரூபித்தும் காட்டிய மேதை எங்கள் குடிநீர் அலுவலக இயக்குநர் ஒருவரே. அவருக்கு உதவியாளனாக இருக்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

எந்தத் தெருவுக்கு எவ்வளவு தண்ணீர் போகிறதென்று எங்கள் கணினியில் ஒரு நிரல் சொல்லும். பெர்ல் என்ற கணினி மொழியில் அதை எழுதியவர் ப்ரோக்ராமர் மேடம். தெருவைவிடத் தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்த்து, அதற்கு வர்க்கமூலம் எடுத்து, தண்ணீரின் வேகத்தைக் கண்டுபிடிக்கும். எல்லாத் தெருக்களையும் சமர்த்தாகக் கடந்துவிட்டு, மேட்டுத் தெரு வந்ததும் படுத்துவிடும். அந்தத் தெரு தொட்டியைவிட உயரம். வித்தியாசம் மைனஸில் போனது. மைனஸுக்கு வர்க்கமூலம் எடுக்க முடியாதென்று பெர்ல் கையை விரித்தது.

நிரலில் கோளாறில்லை, மேட்டுக்குத் தண்ணீர் ஏறாது, பம்ப் வைக்க வேண்டும் என்றார் மேடம். இயக்குநர் கண்ணை மூடி யோசித்தார். தண்ணீர் ஏறாதது ஒரு சிறு குறை. அறிக்கை பாதியில் நிற்பதுதான் 'நிர்வாகப் பேரிடர்' என்று முடிவுசெய்தார். நிரல் நிற்காமல் ஓட வழியுண்டா என்று கேட்டார்.

உண்டு என்று மேடம் வாய்தவறிச் சொல்லிவிட்டார். கணக்குப் போடவே யார் யாரோ எழுதி, இலவசமாகப் பொதுவில் வைத்திருக்கும் மாட்யூல்கள், அதாவது துணை நிரல்கள், பெர்லில் ஏராளம். பின்னத்துக்கு ஒன்று, மாபெரும் எண்களுக்கு ஒன்று, கலப்பெண்களுக்கு ஒன்று. இந்தக் கடைசி மாட்யூலைச் சேர்த்தால் மைனஸ் நான்குக்கும் முகம் சுளிக்காமல் விடை வரும்: இரண்டு, பக்கத்தில் ஓர் 'ஐ'.

இயக்குநரும் சிறுபிள்ளைபோல "ஐ" என்றார்.

"சார், ஐ இருந்தா அது கற்பனை எண். நிஜத்துல சொட்டுத் தண்ணி போகலன்னு அர்த்தம்."

"எண்தானே மேடம்?"

"எண்தான் சார், ஆனா..."

"அப்ப அந்த ஐ-யை மட்டும் அச்சுல எடுத்துடுங்க. ஜனங்க குழம்பிடுவாங்க."

எடுக்கப்பட்டது. மேட்டுத் தெரு 'முழுமையான விநியோகம்' பெற்றது. வீடு எவ்வளவு உயரத்திலோ, மைனஸும் அவ்வளவு பெரிது, அச்சில் தண்ணீரும் அவ்வளவு அதிகம். உச்சியில் இருந்த என் அக்கா வீட்டுப் பக்கம் வெள்ளமே ஓடியது, காகிதத்தில்.

அக்கா மகளுக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. காலி வாளியோடு அக்கா அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். இயக்குநர் நாற்காலி போட்டு உட்காரவைத்து, ஊரிலேயே அதிகத் தண்ணீர் அவளுக்குத்தான் என்று திரையைக் காட்டி வாழ்த்தினார்.

"அப்ப கீழ்த் தெருவுலேருந்து நான் வாளி வாளியாத் தூக்கிட்டு வர்றது என்ன சார்?"

"அது உங்க பழக்கம்மா."

அந்தப் 'பழக்கத்தால்' அக்கா சரிவில் வழுக்கி விழுந்தாள், மணிக்கட்டு முறிந்தது. பிள்ளை பெற்ற உடம்போடு மகள் வாளி எடுக்கப் போக, நான் பிடுங்கிக்கொண்டேன். பகலில் மேட்டுத் தெருவின் நீர்வளம் பற்றித் தட்டச்சு செய்வேன். மாலையில் மூச்சிரைக்க அதே மேட்டில் தண்ணீர் சுமப்பேன்.

அறிக்கை மேலிடத்தை உருக்கிவிட்டது. இயக்குநருக்குப் பரிசாக, ஊரிலேயே நீர்வளம் மிகுந்த இடத்தில் அரசு வீடு ஒதுக்கினார்கள். அக்கா வீட்டுக்கு அடுத்த வீடு. தன் சாதனை தனக்கே பரிசாக வந்ததில் பூரித்துக் குடிபோனார்.

முதல் நாள் காலையிலேயே மேடத்துக்குப் போன் வந்தது. குழாயில் காற்றுதான் வருகிறதாம். அறிக்கைப்படி அங்கே நல்ல வேகம் என்று மேடம் பணிவோடு நினைவூட்டினார்.

"அறிக்கையை விடுங்க மேடம். கண்ணுல சோப்பு எரியுது."

மதியத்துக்குள் பம்ப் வந்தது. வெளியூரிலிருந்து அல்ல, எங்கள் கிடங்கிலிருந்தே, பெட்டி பிரிக்காமல். அதிலிருந்து ஒரே ஒரு குழாய், ஒரே ஒரு வீட்டுக்கு.

கட்டுப் போட்ட கையோடு அக்கா வாசலில் நின்று பார்த்தாள். பக்கத்து வீடுகளுக்கும் இணைப்புக் கொடுக்கலாமா என்று நான் இயக்குநரிடம் மெல்லக் கேட்டேன். அவர் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்:

"அவங்களுக்குத்தான் ஏற்கெனவே போய்க்கிட்டிருக்கே."

எங்கள் இயக்குநருக்குக் கணக்கில் பிழை வந்ததே இல்லை. அந்தத் தெருவில் யார் நிஜ மனிதர், யார் கற்பனை என்பதை அவர் எந்த மாட்யூலும் இல்லாமலே கணக்கிட்டு வைத்திருந்தார்.