தட்டு விழுந்தால் நிறுத்து

கையைக் கட்டி, காலைக் கட்டி, வாயையும் கட்டிப் போட்டிருக்க, நாற்காலியில் உட்கார்ந்தபடியே காட்டு யானையை விரட்டிய மனுஷன் இந்த உலகத்தில் ஒருத்தர்தான். பெயர் பெரியமுத்து. பள்ளிவாசல் என்கிற மலையூருக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் பத்து வீட்டு லயத்தில் கடைசி வீடு. தேயிலை ஃபேக்டரியில் இலை காயவைக்கும் மெஷினைப் பார்ப்பவர்.

கட்டிப் போட்டது யார் என்று கேட்பீர்கள். அவருடைய சம்சாரம் குருவம்மாள்தான். எஸ்டேட் டிஸ்பென்சரியில் அட்டெண்டர். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இவர்களுக்கு ஒரு விளையாட்டு உண்டு. கறிக்குழம்பு சாப்பிட்டு, கதவைச் சாத்தி, பழைய சேலைத் துணியால் இவரை நாற்காலியோடு கட்டி, அந்த அம்மாள் கோழி இறகால் உள்ளங்காலில் கிச்சுகிச்சு மூட்டும். அடுத்த வாரம் முறை மாறும். இரண்டு பேருக்கும் சம்மதம், இரண்டு பேருக்கும் சந்தோஷம்.

தொல்லை பெரியமுத்துவின் சிரிப்புதான். அவர் வாய்விட்டுச் சிரித்தால் ஃபேக்டரிச் சங்கு என்று நினைத்து ஆட்கள் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். பக்கத்து வீட்டு வேலுத்தாய்க்கும் இவர்களுக்கும் நடுவில் வெறும் பலகைச் சுவர்.

"அண்ணே, போன வாரம் என்ன அப்படிச் சிரிப்பு? எங்க கோழி பாதி முட்டையோட எந்திரிச்சு ஓடிருச்சு" என்று அவள் குழாயடியில் வைத்துக் கேட்டாள். அன்றைக்கே வாயையும் கட்டுவதென்று வீட்டில் தீர்மானமானது.

குருவம்மாள் டிஸ்பென்சரிக்காரி. சும்மா கட்டிவிடுமா?

"வாய்க்குள்ள ஒண்ணும் திணிக்க மாட்டேன். மேலாகத்தான் கட்டுவேன். சளி இருக்கா? மூக்கைச் சிந்திக் காட்டுங்க."

சிந்திக் காட்டினார்.

"மூக்கடைப்பு இருந்தா அன்னைக்கு ஆட்டம் கிடையாது. கட்டுக்குள்ள என் ரெண்டு விரல் போகணும். கத்திரிக்கோல் என் இடுப்புலயே இருக்கும். உங்களை இப்படி விட்டுட்டு நான் அடுப்படிக்குக்கூடப் போகமாட்டேன்."

"ஏ குருவு, ஆபரேசனா பண்ணப் போற?"

"சிரிக்காதீங்க. வாயைக் கட்டிட்டா போதும்னு எப்படிச் சொல்லுவீங்க?"

மூன்று தரம் 'ம்' சொன்னால் நிறுத்துவது என்று முடிவானது. ஆனால் பெரியமுத்துவின் சிரிப்பே 'ம்'மாகத்தான் வந்தது, மூச்சுக்கு நாற்பது. அந்த அம்மாள் ஒவ்வொரு மூன்றுக்கும் நிறுத்தி, "போதுமா?" என்று கட்டை அவிழ்த்துக் கேட்டதில் இறகுக்கே அலுத்துப்போனது.

அடுத்த தடவை கையில் கைக்குட்டை. கீழே போட்டால் நிறுத்த வேண்டும். போட்டார். உள்ளங்காலையே பார்த்துக்கொண்டிருந்தவள் கைக்குட்டையைப் பார்க்கவில்லை. பார்த்ததும் பதறிப்போனாள். "தப்பு என்னுது. சத்தம் வர்ற சாமானா இருக்கணும்."

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை எவர்சில்வர் சாப்பாட்டுத் தட்டு அவர் கைக்கு வந்தது. வெளியே நல்ல மூடுபனி. இறகு இடது பெருவிரலுக்கு வந்தபோது அவர் தட்டைக் கீழே விட்டார். சிமெண்டுத் தரையில் அது சுற்றிச் சுற்றி அலறியது.

குருவம்மாள் அந்த நொடியே நிறுத்தினாள். "பாத்தீங்களா, இதுதான் சரி."

சரிதான். ஆனால் அந்த லயத்தில் தட்டுச் சத்தத்துக்கு ஒரே அர்த்தம்தான் என்பதை இரண்டு பேரும் மறந்திருந்தார்கள். யானை வந்தால் பார்த்தவர் தட்டை அடிக்க வேண்டும், கேட்டவரெல்லாம் அடிக்க வேண்டும். பத்து வீட்டிலும் தட்டு முழங்கியது. யாரோ பட்டாசு போட்டார்கள். யாரோ வனத்துறைக்குப் போன் போட்டார்கள்.

கத்திரிக்கோல் பறந்தது. கைக்கட்டு போனது, வாய்க்கட்டு கழுத்துக்கு இறங்கியது, ஒரு கால் விடுபட்டது. மறு காலை அவிழ்ப்பதற்குள் வேலுத்தாய் கைப்பிள்ளையோடு கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள்.

"ஆனை எங்கண்ணே?"

"போயிருச்சு" என்றார் பெரியமுத்து. வேறென்ன சொல்வார்?

"கால்ல என்ன நாற்காலி?"

"சுளுக்கு. அசையக்கூடாதுன்னு கட்டியிருக்கேன்" என்றாள் குருவம்மாள்.

வனத்துறை ஜீப்பும் வந்து நின்றது. வாச்சர் பொன்ராஜ் இறங்கினான். அப்பன் பெயரைச் சொன்னால்கூட ஆதாரம் கேட்கிற ஆள்.

"எந்தப் பக்கம் போச்சு?"

பெரியமுத்து கிழக்கே காட்டினார். குருவம்மாள் மேற்கே காட்டினாள்.

"ரெண்டு ஆனையா?"

"ரெண்டு" என்றார் பெரியமுத்து. அவ்வளவுதான், லயமே ஜீப்பில் ஏறிக்கொண்டது. டிரைவருக்கு இடமில்லை.

பொன்ராஜ் முன்பக்கத்து ஈரமண்ணைக் குனிந்து பார்த்தான். "என் பூட்ஸ் தடம்தான் இருக்கு. அண்ணே, இந்த மாசம் இந்த லயத்துல இருந்து ரெண்டு பொய் போன். ஆனைன்னு வந்து பாத்தா ஒண்ணு லாரி, ஒண்ணு தண்ணி டேங்க். இது மூணாவதுன்னா எழுதிக் குடுத்துருவேன். இனி கூப்பிட்டா உங்களுக்குக் கடைசியாத்தான் ஜீப் வரும்."

பெரியமுத்து ஜீப்பைப் பார்த்தார். வேலுத்தாயின் தோளில் கைப்பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. நாளைக்கு நிஜமாகவே யானை வந்தால்? தன் மானம் ஒரு வீட்டு மானம், ஜீப் பத்து வீட்டு உயிர். சம்சாரத்தைப் பார்த்தார். அவள் சொல்லுங்கள் என்று தலையை மெல்ல ஆட்டினாள்.

"பொன்ராஜு, எழுதிக்கோ. லயத்து மேல தப்பில்ல, என் மேலதான். ஆனை வரல. இவ எனக்குக் கிச்சுகிச்சு மூட்டினா. வாயைக் கட்டியிருந்ததால நிறுத்துன்னு சொல்லத் தட்டைப் போட்டேன். எல்லாம் ரெண்டு பேரும் பேசி வச்சதுதான்."



பொன்ராஜ் நோட்டை மூடினான். "ரெண்டு ஆனையைக்கூட நம்பிருவேன்ணே. இதை எவன் நம்புவான்?" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் பின்பக்கமாய் நடந்தான்.

திரும்பி வந்தபோது தொப்பி கையிலிருந்தது.

"வந்திருக்குண்ணே. ஒத்தை ஆனை. சாணத்துல ஆவி அடங்கல. தட்டுச் சத்தத்துக்குத்தான் வேலியைப் பிச்சுக்கிட்டு ஓடியிருக்கு." குரலைத் தாழ்த்தினான். "ஆனா தடத்தைப் பாத்தா, அதுவரைக்கும் அரை மணி நேரமா உங்க சன்னல்கிட்டயே அசையாம நின்னு பாத்துக்கிட்டு இருந்திருக்கு."